வந்தியத்தேவனைத் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கல்கியின் சோழர் கால நாவலான பொன்னியின் செல்வன் முடிந்த பிறகும் அதை முடியவிடாமல் எழுதிக்கொண்டிருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நந்தினி கண்மறைந்த பிறகு எங்கே போனாள் என்று எழுதுகிறவர்கள், சோழ இளவரசி குந்தவைக்கும் வீரன் வந்தியத்தேவனுக்கும் பந்தல் போட்டுத் திருமணம் நடத்திவைக்கிறவர்கள், ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகை மறுபடியும் கடலில் தள்ளுகிறவர்கள் என எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஃபேன் ஃபிக்‌ஷன், ரசிகப் புனைவு என்று எந்தப் பெயரில் வந்தாலும் நான் தேடிப்பிடித்துப் படிக்கிற எழுத்து இது. நல்லதாக ஒன்று கிடைத்தால் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுகிறேன். மோசமாக ஒன்று அமைந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்வதைக் கேட்பதுபோல் மனம் கொதிக்கிறது. அந்த மகிழ்ச்சியும் கொதிப்பும் எங்கிருந்து வருகின்றன என்று நெடுநாளாக யோசித்திருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இன்னொருவர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதுவது இழிவு என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய கதை மூன்றரை ஆண்டுகள் ஓடி 1954 மே மாதத்தில் நின்றபோதே, பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்வி வாசகர்களிடம் எழுந்துவிட்டது. கல்கியே ஒரு முடிவுரை எழுதி, இன்னார் இன்னவாறு ஆனார்கள் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். விட்ட இடத்திலிருந்து கதையைப் பிடித்துக்கொண்டு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. ஆகவே உங்களுக்கு முன்னோடியும் உண்டு, உரிமையும் உண்டு. 2022-இலும் 2023-இலும் திரைப்படம் வந்த பிறகு புதிதாக ஒரு கூட்டமே எழுத வந்திருக்கிறது. வரட்டும். உரிமை இருக்கிறதா என்பது என் கேள்வியே அல்ல. எழுதியது நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

எது நிற்கும் என்பதற்கு நம் மொழியிலேயே பெரிய சான்று இருக்கிறது. வில்லை முறிப்பதற்கு முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் காட்சி வான்மீகத்தில் கிடையாது. கம்பர் சேர்த்தது அது. மிதிலை வீதியில் போகிறவனைக் கன்னிமாடத்திலிருந்து அவள் பார்க்கிறாள், அவனும் பார்க்கிறான். அழகான காதல் காட்சி என்று நாம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறோம். அந்தக் காட்சி அதற்குப் பின்னால் வருகிற வில் முறிக்கும் கட்டத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். வில் முறிந்தது என்று தோழி நீலமாலை மூச்சிரைக்க ஓடிவந்து சொல்கிறாள். சீதைக்கு அந்தச் செய்தி போதவில்லை. முறித்தவன் யார்? தான் பார்த்தவனா, வேறொருவனா? அவன் இல்லையென்றால் இறப்பேன் என்று மனத்துக்குள் முடிவு செய்கிறாள். வான்மீகத்தில் வீரத்துக்குச் சோதனையாக இருந்த வில், கம்பரிடம் ஒரு பெண்ணின் உயிர் தொங்குகிற இடமாக மாறிவிடுகிறது. கம்பர் வில்லைத் தொடவில்லை. அதற்கு முன்னால் ஒரு பார்வையை வைத்தார். அவ்வளவுதான் செய்தார், வில்லின் கனம் கூடிவிட்டது.

புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'மும் இதே வேலையைத்தான் செய்கிறது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது இராமன்தான் என்று அகலிகை கேள்விப்படுகிறாள், மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணத்தில் எங்கோ தொடக்கத்தில் வந்து மறைந்துபோகிற ஒருத்தியை, கடைசியில் நடக்கிற கொடுமைக்குச் சாட்சியாக நிறுத்திய கதை அது. அதைப் படித்த பிறகு, கல் பெண்ணாகிற அந்தப் பழைய கட்டத்தைப் பழையபடி படிக்க யாராலும் முடியாது.

உங்கள் கதைகளில் நான் தேடுவதும் இதைத்தான். படித்து முடித்துக் கல்கியிடம் திரும்பினால், எனக்கு மனப்பாடமான ஓர் இடம் முன்பைவிடக் கனத்திருக்க வேண்டும். அப்படி ஒரே ஓர் இடம் கனத்தால் போதும், உங்கள் கதையில் எழுத்துப்பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். ஒன்றும் மாறவில்லை என்றால் வெறும் பெயர்களைப் படித்திருக்கிறேன் என்று பொருள். வந்தியத்தேவன் என்ற பெயரை எடுத்துவிட்டுக் குமார் என்று போட்டாலும் கதை இடிக்காமல் நகருமானால், குமாரை வைத்தே எழுதியிருக்கலாமே!

வந்தியத்தேவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் அதிகம் அடிபடுகிறவன் அவன்தான். நீங்கள் எழுதுகிற வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், பத்துப் பேரை ஒற்றை ஆளாக வெட்டிச் சாய்க்கிறான், குந்தவை மயங்கிப் பார்க்கிறாள். கல்கி எழுதியது என்ன? அரிசிலாற்றங்கரையில் பெண்கள் நிற்கிறார்கள். முதலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு அவர்களுக்கு அருகே கிடக்கிறது. வந்தியத்தேவன் பதறிப்போய் வேலை வீசுகிறான். குறி தப்பவில்லை, வேல் பாய்ந்துவிடுகிறது. முதலை அசையவில்லை. பெண்கள் சிரிக்கிறார்கள். அது உயிரில்லாத முதலை, உள்ளே பஞ்சு அடைத்து வைத்தது. இளையபிராட்டி குந்தவையின் முன்னால் அவன் செய்த முதல் வீரச்செயல் இது. இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகனை, அவன் யாரைக் கவர வேண்டுமோ அவள் எதிரிலேயே அசடு வழிய நிறுத்துகிறார். அந்தச் சிரிப்பால்தான் அவன் நமக்கு நெருங்கியவன் ஆகிறான். குந்தவைக்கும் அப்படித்தான் ஆகியிருப்பான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு இடம். தஞ்சைக் கோட்டையில், நோயுற்றுக் கிடக்கும் சுந்தர சோழரின் முன்னால் ஓலையோடு நிற்கிறான். பக்கத்தில் கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர். கிடைத்த சிறு இடைவெளியில் அரசரிடம் அபாயம் என்று சொல்லிவிடுகிறான். அது சின்னப் பழுவேட்டரையர் காதிலும் விழுந்துவிடுகிறது. என்ன அபாயம் என்று கேட்டால், நான் சொன்னது அபயம் அல்லவா என்று சமாளிக்கிறான். அவன் முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறான். அவசரப்பட்டு மாட்டிக்கொள்வான், நாவன்மையால் தப்பிப்பான், தப்பித்த மறுகணமே அடுத்ததில் மாட்டிக்கொள்வான். கோடிக்கரையில் பூங்குழலியைத் துரத்திப் போய்ச் சேற்றுப் பள்ளத்தில் சிக்கி, துரத்தப்பட்டவளே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாகிறது. ஐந்து பாகங்களிலும் அவனைக் காப்பாற்றுகிறவர்களில் பெண்களே அதிகம். நாடிழந்த வாணர் குலத்து இளைஞனுக்குக் கையில் இருக்கிற சொத்து வாய்ச் சாமர்த்தியமும் யாரையும் நட்பாக்கிக்கொள்ளும் முகமும்தான். இவற்றைப் பறித்துக்கொண்டு வாளை மட்டும் கொடுத்தால் மிஞ்சுவது ஒரு போர்வீரன். சோழப் படையில் அப்படி ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

தப்பே செய்யாத பாத்திரத்தின் மீது எழுதுகிறவருக்கு ஏற்படும் இந்த மோகம் நம் ஊரின் நோய் மட்டும் அன்று. அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ரசிகர்கள் தட்டச்சு செய்து பரிமாறிக்கொண்ட சிறுபத்திரிகைகளில் இது மலிந்து கிடந்தது. 1973-இல் பவுலா ஸ்மித் என்ற ரசிகை அதைக் கேலி செய்து ஒரு குட்டிக் கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூ. பதினைந்தரை வயதில் லெப்டினன்ட், எல்லாம் தெரிந்தவள், எல்லோரும் அவளை விரும்புகிறார்கள். அன்றிலிருந்து அந்த வகைப் பாத்திரத்துக்கே மேரி சூ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம்மிடம் அவள் சென்னையில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுத் தூங்கி, வீரநாராயண ஏரிக்கரையில் கண்விழிக்கிறாள். பின்னாளில் இராசராசனாகப் போகிற இளவரசர் அருள்மொழி அவளைக் கண்டதும் தன்னை விரும்பும் வானதியை மறக்கிறார், குந்தவை அவளிடம் அரசியல் யோசனை கேட்கிறாள், நாட்டின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் அவள் சொல்லுக்குத் தலைவணங்குகிறார்.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. கல்கியே முதல் வரியில் நம்மையெல்லாம் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி அழைத்தவர்தானே. ஏறிப் போன இடத்தில் உங்களுக்கு ஏதாவது நேர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஏரிக்கரையில் கண்விழித்தவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு பாதி புரியாமல் போகட்டும். கட்டியிருக்கிற துணியைப் பார்த்து ஊர்க்காவலர்கள் சந்தேகப்படட்டும். எழுபத்து நான்கு கணவாய்களில் நீர் பாயும் அந்த ஏரியைப் பார்த்து, வீராணம் என்ற பெயரில் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் தருகிற ஏரி இதுதான் என்று உணர்ந்து அவள் ஒரு நொடி திகைத்து நிற்கட்டும். அப்போது அவளோடு நானும் போவேன்.

நந்தினி கட்சி, குந்தவை கட்சி என்று இரண்டாகப் பிரிந்து எழுதுகிறீர்களே, அதையும் பேசியாக வேண்டும். நந்தினியை நேசிக்கிறவர்கள் குந்தவையைச் சூழ்ச்சிக்காரியாக்குகிறார்கள். குந்தவையைக் கொண்டாடுகிறவர்களுக்கு நந்தினி வெறும் விஷப்பாம்பு. கல்கி அந்த இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்த இடங்களை மறுபடியும் படியுங்கள். இருவருக்குமே அழகு உண்டு, அறிவு உண்டு, அரசியல் தெரியும். இருவருமே மற்றவளிடம் தனக்கு இல்லாத ஒன்றைப் பார்க்கிறார்கள். பாண்டிய மன்னன் வீரபாண்டியன் உயிருக்காக நந்தினி மன்றாடியதையும் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் அதைக் கேளாமல் வெட்டியதையும் படித்த எவருக்கும் அவள் மீது இரக்கம் பிறக்காமல் இருக்காது. அந்த இரக்கத்தைக் காட்டக் குந்தவையைக் கீழே தள்ள வேண்டிய தேவை என்ன? ஒருத்தியை உயர்த்துவதற்காக இன்னொருத்தியை முட்டாளாக்கினால், முட்டாளை வென்றவள் என்ற பெருமைதான் உங்கள் நாயகிக்கு மிஞ்சும்.

இனி கரிகாலன் கொலை. உங்களில் பாதிப் பேர் இங்கேதான் தொடங்குகிறீர்கள். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. இருட்டில் யார் யாரோ இருக்கிறார்கள். கரிகாலன் இறந்து கிடக்கிறான். கொன்ற கை யாருடையது என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லவே இல்லை. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அறிஞர்களாலும் கல்கியாலும் விடப்பட்ட முடிச்சை நான் அவிழ்த்துக்காட்டுகிறேன் என்ற உற்சாகம் புரிகிறது. ஆனால் நான் படித்த இத்தகைய கதைகளில் பெரும்பாலானவை கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. பெயர் தெரிந்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்கியின் இருட்டில் எல்லோருமே குற்ற உணர்வோடு நின்றார்கள். பெரிய பழுவேட்டரையர் தாம்தான் என்று நம்புகிறார், அந்த மாளிகையின் பெண் மணிமேகலை வந்தியத்தேவனைக் காப்பாற்றத் தானே கொன்றதாகச் சொல்கிறாள், வந்தியத்தேவனோ சிறைக்குப் போகிறான். நீங்கள் விளக்கை ஏற்றிவிட்டால் ஒருவர் குற்றவாளி ஆகிறார், மற்ற எல்லோரும் விடுதலையாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கதை சிறுத்துப்போகிறது. கொலையை எழுதத்தான் வேண்டும் என்றால் மறுநாள் காலையை எழுதுங்கள். பேரனைப் பறிகொடுத்த கிழவர் மலையமானை எழுதுங்கள்.

காலப் பிழைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல விருப்பமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது. பொன்னியின் செல்வன் நடக்கிற காலம் அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னால். ஆகவே நந்தினியால் அதன் கோபுர நிழலில் நிற்க முடியாது. மிளகாய் போர்த்துகீசியரோடு வந்தது. கம்பர் இன்னும் பிறக்கவில்லை, அவர் பாட்டைப் பூத்தொடுக்கிற சேந்தன் அமுதன் பாட இயலாது. நாழிகையை விட்டுவிட்டு நிமிடம் என்று எழுதினால் என் கண் அங்கேயே இடறி நிற்கிறது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. படித்த ஆராய்ச்சி நூல்களையெல்லாம் கதைக்குள் கொட்டிவிடுகிறவர்கள். முதன்மந்திரி அநிருத்தர் வாயைத் திறந்தாலே அன்பில் செப்பேட்டின் வாசகம் வருகிறது. செப்பேட்டைப் படித்தவர் கல்கியும்தான். சித்தப்பா உத்தம சோழர் அரியணையை விரும்பியதால் அருள்மொழி அதை அவருக்கு விட்டுக்கொடுத்தார் என்ற ஒரு செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. அந்த ஒரு செய்தியிலிருந்து தியாக சிகரம் என்ற பாகம் முழுவதையும் எழுப்பினார். நமக்குச் செப்பேடு கண்ணில் படவே இல்லை, அருள்மொழியின் முகம்தான் தெரிந்தது.

மொழி விஷயத்திலும் கல்கியிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவருடைய அரசர்கள் கல்வெட்டுத் தமிழ் பேசவில்லை. தெருப்பேச்சும் பேசவில்லை. எந்த ஊர்க்காரருக்கும் புரிகிற, அதே சமயம் அரண்மனைக்கு ஒவ்வாத சொல் ஒன்றுமில்லாத ஒரு நடையைப் பிடித்தார். ஆழ்வார்க்கடியான் வம்புக்கு இழுக்கும்போது ஒரு சுருதி, மூத்த அரசி செம்பியன் மாதேவி பேசும்போது வேறு சுருதி. உங்கள் கதைகளில் அரசரும் ஓடக்காரரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஒன்று எல்லோருமே "தாங்கள் திருவாய் மலர்ந்தருள வேண்டும்" என்கிறார்கள், அல்லது எல்லோருமே கல்லூரி மாணவர்களாக மாறிவிடுகிறார்கள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டாலும் பேசுவது யார் என்று காது சொல்ல வேண்டும். ஒரு வரியில் நாலு ஆச்சரியக்குறி போடுவதால் பூங்குழலிக்கு ஆவேசம் வந்துவிடாது.

திரைப்படம் பார்த்து எழுத வந்தவர்களுக்கு ஒரு சொல். படமும் நாவலும் பல இடங்களில் வேறு வேறு. நாவலில் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். படத்தில் அந்த மாற்றமே கிடையாது, செம்பியன் மாதேவியின் மகனாக அறியப்பட்ட மதுராந்தகருக்குத்தான் முடி. எதை வேண்டுமானாலும் அடித்தளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அரசனாக இருந்தவன் ஒன்பதாம் அத்தியாயத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தால் எங்களால் பின்தொடர முடிவதில்லை. இன்னொன்று: நடிகரின் முகத்தை வருணிப்பதை நிறுத்துங்கள். அந்தப் புன்னகை எங்களுக்கும் தெரியும். அந்தப் புன்னகைக்கு உரியவன் என்ன நினைக்கிறான் என்பதைச் சொல்வதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

என்னை உண்மையிலேயே புண்படுத்துகிற வகை ஒன்று இருக்கிறது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சோழர் எங்கள் சாதி என்று நிறுவுவதற்காகவே எழுதப்படுகிற கதைகள். அவற்றில் அருள்மொழி ஒரு மனிதர் அல்லர், ஒரு கொடி. வந்தியத்தேவன் ஒரு குலப்பட்டியல். வில்லன்கள் யார் என்பது எழுதுகிறவரின் ஊரில் இப்போது யாரோடு பகை என்பதைப் பொறுத்து முடிவாகிறது. ஓடக்காரப் பெண்ணின் தலையில் மணிமகுடத்தை வைத்து முடிகிற நாவல் பொன்னியின் செல்வன். பூமாலை கட்டி வளர்ந்த பிள்ளை அரசனாகிற நாவல். பேச முடியாத ஓர் ஊமைப் பெண் தன் உயிரைக் கொடுத்துப் பேரரசரைக் காப்பாற்றுகிற நாவல். இதை எடுத்துப் பிறப்பின் பெருமை பேசுவது, கதையைப் படிக்கவே இல்லை என்பதற்குச் சான்று. இப்படி எழுதுகிறவர்களை நான் ரசிகர்கள் வரிசையில் சேர்ப்பதில்லை.

பாதியில் விட்டுப்போகிறவர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. ஏழாம் அத்தியாயத்தில் வானதியை ஈழத்துக்குக் கப்பலேற்றிவிட்டு ஆசிரியர் காணாமல் போய்விடுகிறார். வாழ்க்கை நெருக்கடிகள் எனக்கும் தெரியும். தொடர முடியாவிட்டால் இரண்டு பத்தியில் என்ன நடக்கவிருந்தது என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் காத்திருந்தவர்களுக்குக் கல்கி முடிவுரை எழுதினார் அல்லவா, அதே மரியாதையை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

குறைகளை அடுக்கிவிட்டு ஓடிப்போக எனக்கு மனமில்லை. நான் படிக்கத் தவிக்கிற கதைகளையும் சொல்லிவிடுகிறேன், யாராவது எழுத மாட்டீர்களா என்ற நம்பிக்கையில்.

எல்லோரும் அருள்மொழி இராசராசனாக முடிசூடுவதற்குத் தாவிவிடுகிறீர்கள். அது 985-இல். நாவல் முடிகிற இடத்துக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டான். கல்கியின் கதைப்படி அவன் சேந்தன் அமுதன், அருகில் பூங்குழலி அரசியாக. உடையார்குடிக் கல்வெட்டோ இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைகாரர்களின் உறவினர் நிலங்களைப் பற்றிய நடவடிக்கை அதில்தான் பேசப்படுகிறது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்டு, உத்தம சோழன் மீதே ஐயம் கொண்டவர்கள் வரலாற்றாசிரியர்களிலேயே உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எறும்புக்கும் தீங்கு நினைக்காத பிள்ளை அரியணையில் இருக்கிறான். அரசவையில் எல்லோருடைய மனத்திலும் ஒரு கேள்வி ஓடுகிறது, ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். இரவில் பூங்குழலியிடம் என்ன பேசியிருப்பான்? அவளுக்குக் கடல் இல்லாத தஞ்சாவூரில் அந்த 15 ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும்? கல்கி விட்டுவைத்த இடங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

குந்தவையின் தாய் வானவன் மாதேவியைப் பற்றித் திருக்கோவலூர்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கணவர் சுந்தர சோழர் இறந்தபோது, பால்மணம் மாறாத குழந்தையை விட்டுவிட்டு அவர் தீப்பாய்ந்ததாக அது சொல்கிறது. நெடுங்காலம் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் செய்து வைத்தார். அந்தக் கோயிலின் கல்வெட்டே அவரை வந்தியத்தேவரின் தேவி என்றும் குறிப்பிடுகிறது. சிற்பியின் எதிரில் உட்கார்ந்து தாயின் முகம் எப்படி இருந்தது என்று வயதான குந்தவை சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். மூக்கு இப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் கூர்மை என்கிறார். பக்கத்தில் வந்தியத்தேவர், இப்போது நரைத்தவர், வழக்கம்போல் நடுவில் ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறார். போர் வேண்டாம், சதி வேண்டாம், இந்த ஒரு பிற்பகலை எழுதுங்கள்.

கடம்பூர் மாளிகையின் பிள்ளை, வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனை யாருமே எழுதுவதில்லை. தஞ்சையில் சுரங்கப்பாதையின் வாயிலில் முதுகில் குத்தப்பட்டு விழுந்தவன். தூக்கிச் சுமந்து சேந்தன் அமுதன் வீட்டில் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவன் வந்தியத்தேவன். ஆனால் குத்தியவனே அவன்தான் என்று கந்தமாறன் நம்புகிறான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிகிறான். பிறகு அவனுடைய வீட்டிலேயே இளவரசர் கொல்லப்படுகிறார், மாளிகை எரிகிறது. உயிருக்குயிரான தங்கை மணிமேகலை சித்தம் கலங்கி அலைந்து, அவன் பகைத்த நண்பனின் மடியிலேயே உயிரை விடுகிறாள். நாவலின் கடைசி அத்தியாயம் அதுதான், 'மலர் உதிர்ந்தது'. அந்தத் தற்பெருமைக்காரன், அசடன், தங்கை மீது உயிரையே வைத்திருந்தவன், அதற்கு அடுத்த ஆண்டு ஆடிப்பெருக்கன்று எங்கே இருந்தான்? எரிந்த மாளிகையைத் திரும்பக் கட்டினானா? வந்தியத்தேவன் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டிருப்பானா?

இதை எழுதுகிறவர் யாராக இருந்தாலும், முதல் அத்தியாயம் முடிந்ததும் தெரியப்படுத்துங்கள். முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி